செங்கீழ்க் கதிர் வானியல் வளர ஏன் இவ்வளவு காலம் சென்றது?

கேள்வி (உயர்தர மாணவன், காரைநகர்):
அரியத்தினால் பிரித்த சூரிய ஒளியில், சிவப்புக்கு அப்பால் ஒளியே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி கூடுதலாக உயர்ந்ததைக் கண்டு, 1800 ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் செங்கீழ்க் கதிர்களை அறிந்தார் என்று படித்தோம். ஆனால் அக்கதிர்களில் வானம் முறையாக அளக்கப்பட்டது 1960களிலேயே. வளியிலுள்ள நீராவியே தடை என்றார் எமது ஆசிரியர். அது மட்டுந்தானா?

மறுமொழி (ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்லூர்):
தம்பி, உமது ஆசிரியர் சொன்னது சரியே. நீராவியும் காபனீரொட்சைட்டும் இக்கதிர்களிற் பெரும்பகுதியை உறிஞ்சிவிட, சில அலைநீளங்கள் மாத்திரமே தரையை எட்டுகின்றன. அதனாலேயே வானியலாளர் பியாசி சிமித் 1856 இல் தெனெரீப் தீவின் மலையேறி, வெப்பவிணையினால் (வெப்பத்தை மின்னாக மாற்றிக் காட்டும் கருவி) சந்திரனின் வெப்பத்தை அளந்தார். கடலும் கடனீரேரியும் சூழ்ந்த எமது குடாநாட்டில், மலையென்று பெயரளவில் கீரிமலை மட்டுமே உள்ள நிலையில், அத்தகைய ஆய்வை நினைத்தும் பார்க்க முடியாது.

மறுமொழி (இணுவில்):
ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆயினும் பெரிய தடை கருவியின் சொந்த வெப்பமே என்பது என் கருத்து. ஏறத்தாழ 300 கெல்வினில், அதாவது சாதாரண அறை வெப்பநிலையில், உள்ள எப்பொருளும் 10 மைக்கிரோமீற்றர் அலைநீளத்தை அண்டியே மிகுதியாகக் கதிர்வீசும். ஆகவே தொலைகாட்டி, அதன் கூடு, உணரி யாவும் தாமே ஒளிர்கின்றன. நண்பகலில் மின்மினி தேடுவதற்கு ஒப்பான வேலை அது. 1961 இல் பிராங்க் லோ என்ற அறிவியலாளர் திரவ ஈலியத்தினாற் குளிர்வித்த ஜேர்மேனியம் போலோமீற்றரை (கதிர் பட்டுச் சூடேறுவதை அளக்கும் உணரி) ஆக்கிய பின்னரே நீண்ட அலைநீளங்களில் வழி திறந்தது. அதே பத்தாண்டில் நொய்கெபௌவர், லேய்ற்றன் என்ற இரு அறிவியலாளர் எபொக்சிப் பிசினைச் சுழலவிட்டு, அது இறுகும்போது தானாகவே பரவளைவாகும்படி மலிவான ஆடியொன்றைச் செய்து, வில்சன் மலையிலிருந்து 2.2 மைக்கிரோமீற்றரில் 5,000 இற்கும் மேற்பட்ட மூலங்களைப் பட்டியலிட்டனர். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுவே.

கேள்வி கேட்டவர்:
உணரியைக் குளிர்விக்கலாமெனில், தரையிலேயே ஆடியையும் குளிர்வித்திருக்கலாமே?

மறுமொழி (இணுவில்):
வளியில் அவ்வளவு குளிர்வித்தால் ஆடியில் உறைபனி படியும். அங்கேதான் ஐயா சொன்ன நீராவி மீண்டும் வருகிறது. முழுத் தொலைகாட்டியையும் குளிர்விக்க வெற்றிடம் வேண்டும். 1983 இல் ஏவப்பட்ட, செங்கீழ்க் கதிர்களில் வானை அளந்த ஐராஸ் செய்மதி, திரவ ஈலியத்தினாற் குளிர்ந்து அவ்வாறே இயங்கியது. ஏறத்தாழ பத்து மாதங்களில் ஈலியம் தீர, அதன் பணியும் முடிந்தது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டியோ பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் ஐந்து படை நிழற்குடையின் பின்னால் தானாகவே குளிர்கிறது. 7 கெல்வினுக்குக் கீழே இருக்கவேண்டிய ஒரு கருவிக்கு மட்டும், மூடிய சுற்றில் ஓடும் ஈலியக் குளிரூட்டி உண்டு. அது ஆவியாகித் தீர்வதில்லை.