புதுப்பிப்பு: உறைபனிக் காலத்தில் ஊட்டிக்கு எந்தக் கார்? கோளாறு டயரில்தான்

நவம்பரில் கேட்டிருந்தேன்: கோத்தகிரியிலிருந்து தினமும் விடியற்காலையில் ஊட்டிக்குப் போகிறேன், பழைய சிறிய கார் வளைவுகளில் வழுக்குகிறது, நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி வாங்கலாமா என்று. பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. வண்டி வாங்கவில்லை.

"முதலில் டயரின் வயதைப் பாருங்கள்" என்றாரே ஒருவர், அதுதான் பலித்தது. பக்கவாட்டில் 2317 என்று பொறித்திருந்தது. அதாவது 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயர் வரிப்பள்ளத்தின் ஆழம் 3 மி.மீ. மிச்சமிருந்தது, சட்டம் கேட்பது 1.6தான். ஆனால் ரப்பர் நகம்கூடப் பதியாதபடி இறுகிக் கிடந்தது. நான்கையும் மாற்றினேன். கட்டபெட்டுக்கு அப்பால் தைலமரச் சருகு நனைந்து கிடக்கும் அந்த வளைவில், டிசம்பர் முழுவதும் ஒருமுறைகூட வண்டியின் பின்பக்கம் ஆடவில்லை. நான்கு சக்கர இழுவை ஏற்றத்தில் கிளம்ப உதவும். பிரேக் போட்டால் நிறுத்துவது டயர்தான்.

குளிர்கால டயர் கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்துவிட்டார். இங்கே புல்லில் உறைபனி படியும், சாலையில் பனி குவிவதில்லையே!

எதிர்பாராதது காற்றழுத்தம். வண்டி ஓடிவந்த சூட்டோடு 33 psi காற்று பிடித்திருந்தேன். மறுநாள் அதிகாலையில் 28தான் காட்டியது. இப்போது வண்டி எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்கிறேன்.

உறைபனி படியாமலிருக்க முன்கண்ணாடிக்குச் சாக்கு போர்த்தச் சொன்ன யோசனையும் நல்லதே. வெந்நீர் மட்டும் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.