பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி போட்டேன், எழுத்து காணாமல் போனது

ரங்கூனில் சின்னதாக அச்சுக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் எல்லாம் தமிழிலும் பர்மியிலும் அடிப்போம். கடைக் கம்ப்யூட்டர் 2012இல் வாங்கியது. இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 சிப், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. பட்டனை அழுத்திவிட்டு டீ குடித்துவிட்டே வரலாம். கரண்ட் முறை வைத்து வருகிற ஊரில் அந்த ஐந்து நிமிஷம் பெரிய நஷ்டம்.

ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போட, அதைவிட வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன். விண்டோஸ் 11 இதில் முறைப்படி ஏறாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கும். விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போனால், பத்திரிகை வடிவமைக்கும் கோரல் டிரா இல்லை. அதனால் விண்டோஸ் 10. அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது தெரிந்தேதான் போட்டேன். அந்த மெஷினுக்கு இணையம் கிடையாது.

பாதி ஏறும்போது கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி செத்து வருஷமாகிறது. பழைய டிஸ்கை முன்பே கழற்றி அலமாரியில் வைத்திருந்ததால் பதறவில்லை. தெருப் பிள்ளைகள் 'மீ லாபீ!' (கரண்ட் வந்துவிட்டது!) என்று கத்தும் வரை உட்கார்ந்திருந்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். கேஸில் எஸ்எஸ்டிக்கு அளவான இடமில்லை, இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினேன். சுற்றும் பாகமில்லாத பொருள்தானே! இப்போது அரை நிமிஷத்தில் எழுந்துவிடுகிறது.

அப்புறம்தான் வினை. சிடி டிரைவின் கேபிளைப் பிடுங்கிப் பழைய டிஸ்கில் செருகி ஃபைல்களைத் திறந்தால், தமிழ்ப் பத்திரிகையெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கிறது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருக்கும் பழைய பாமினி ஃபான்ட் புது விண்டோஸில் இல்லை. அது சுலபம், பழைய டிஸ்கின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்துப் போட்டேன். பர்மிதான் படுத்தியது. 2019 அக்டோபர் 1 முதல் யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்து முறைதான் என்று அரசு அறிவித்தும் எங்கள் கடை ஸோஜி என்ற பழைய பர்மி ஃபான்டிலேயே இருந்தது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் வைக்கும்; இவை இரண்டும் பல இடங்களில் ஒரே எண்ணில் வெவ்வேறு எழுத்தை வைத்திருப்பவை. ஸோஜி ஃபான்ட் போட்டதும் ஃபைலுக்குள் இருப்பது சரியானது. ஆனால் ஃபைல் பெயர்களை விண்டோஸ் தன் யூனிகோடு ஃபான்டில்தான் காட்டுகிறது. பெயர்கள் முழுக்கக் குழம்பிக் கிடக்கின்றன. தம்பி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் மாற்றுகிறான், இன்னும் முடியவில்லை.

— — —

(ஒரு வாசகரின் பதில்) அண்ணே, நான் மோல்மேன் ஊர்க்காரன். என்னுடையது லேப்டாப். எஸ்எஸ்டியும், லினக்ஸில் ஒரு வகையான மின்டும் போட்டேன், தொல்லையே இல்லை. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்றது. ரெண்டு நாள் மின்டைத் திட்டினேன். பார்த்தால் தேதி 2011 ஜனவரி! தேதி தப்பானால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழை பிரவுசர் ஏற்காது. போர்டில் இருக்கும் காசு மாதிரிப் பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பின்னால் ஓடியிருக்கிறது. உங்கள் மெஷினும் 2012 என்கிறீர்கள், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.