16:8 விரதம்: மணிக்கணக்கா, கலோரிக் கணக்கா?

ராக்கோழி_ஓஎம்ஆர்:
16:8 என்றால் 16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு. காலை டிபனை விட்டுவிட்டு மதியம் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிட்டால் எடை தானாக இறங்கும் என்று இங்கே பலர் சொல்கிறார்கள். அதெல்லாம் இறங்காது. 2020-ல் அமெரிக்காவில் 116 பேரை வைத்து இதே 12–8 கணக்கை 12 வாரம் பார்த்தார்கள். சராசரியாக ஒரு கிலோகூடக் குறையவில்லை. மூன்று வேளை சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுதான். விரத அணியில் சிலரை நேரில் வரவழைத்து அளந்தபோது, அவர்களுக்குக் குறைந்ததில் பெரும்பங்கு கொழுப்பே இல்லை, தசைப் பக்கத்து எடை.

கிண்டி_கீரைக்கட்டு:
அந்த ஆய்வில் என்ன சாப்பிடணும், எவ்வளவு சாப்பிடணும்னு யாரும் சொல்லவில்லையே பாஸ். 12 மணிக்கு ஃபுல் மீல்ஸ், 4 மணிக்கு பஜ்ஜி, ஏழே முக்காலுக்கு அவசரமாக பரோட்டா என்றால் எது குறையும்? நேரத்தை முன்னால் தள்ளிப் பாருங்கள். 2018-ல் பார்டர் சுகர் உள்ள 8 ஆண்கள், மதியம் 3 மணிக்குள் கடைசிச் சாப்பாடு, 5 வாரம். எடை குறையாமலே இன்சுலின் நன்றாக வேலை செய்தது, பிரஷரும் இறங்கியது.

ராக்கோழி_ஓஎம்ஆர்:
8 பேரை வைத்து ஊருக்கே சட்டமா! சீனாவின் குவாங்சோவில் 139 பேர், ஒரு வருடம், காலை 8–மாலை 4. இரு அணிக்கும் ஒரே கலோரி வரம்பு. விரத அணிக்கு 8 கிலோ, மற்றவர்களுக்கு 6.3. புள்ளியியலில் அந்த வித்தியாசம் தேறவில்லை. சோழிங்கநல்லூரில் ஏழரைக்கு லாக்-அவுட் செய்கிறவர் 4 மணிக்கு ராச்சாப்பாடு சாப்பிடுவாரா?

கிண்டி_கீரைக்கட்டு:
4 முடியாது, சரி. முதல் வாரம் காலை 8–இரவு 8. பிறகு வாரத்துக்கு ஒரு மணி நேரம் குறைத்து காலை 9–மாலை 6 வரை வரலாம். ஐந்தரைக்கு ஆபீஸிலேயே டப்பாவைத் திறந்துவிட வேண்டும். தசை போவதற்குக் காரணம் விரதமில்லை, புரதம் பத்தாதது. 70 கிலோ ஆளுக்கு 70 கிராமாவது வேண்டும். நாலு இட்லியில் 8 கிராம் வந்தாலே பெரிசு. முட்டை ஒன்றில் 6, வெந்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் 14, பனீர் 100 கிராமில் சுமார் 18. கூடவே வாரம் இரண்டு நாள் வெயிட் தூக்கணும். பால், சர்க்கரை போட்ட ஃபில்டர் காபி விரதத்தை முறித்துவிடும் (பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை). ஆரம்பத் தலைவலி பெரும்பாலும் அந்தக் காபியை விட்டதாலும் தண்ணீர் குறைந்ததாலும்தான்.

மாம்பலம்_மருந்துச்சீட்டு:
இரண்டு பேரும் சுகர் மாத்திரையை மறந்துவிட்டீர்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, இன்சுலின் எடுப்பவர்கள் பட்டினி கிடந்தால் சுகர் 70-க்குக் கீழே விழலாம். வியர்வை, நடுக்கம் வந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரை வேறு மாதிரி: சுகர் அதிகம் ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி. டோஸை டாக்டர் மாற்றிக் கொடுத்த பிறகே விரதம். கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

ராக்கோழி_ஓஎம்ஆர்:
அதில் சண்டையில்லை. ஆனால் முதல் வாரம் 2 கிலோ போச்சு என்று துள்ளாதீர்கள். பெரும்பகுதி தண்ணீர், கிளைகோஜன் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) கரையும்போது கூடவே போவது. இடுப்பை டேப் வைத்து அளங்கள். நாலு வாரத்தில் அசையாவிட்டால் தட்டில் விழுவதை எடை போடுங்கள்.

கிண்டி_கீரைக்கட்டு:
டேப் சரி. மேன்ஷனில் தங்கி மெஸ்ஸில் சாப்பிடுகிறவன் சாம்பாரை எங்கே எடை போடுவான்? 6 மணிக்கு மேல் சாப்பிடாமல் இருக்க அவனால் முடியும்.