கலைச்சொல் வேண்டல்: சால்மன் ஓடைகளின் கரையும் நில உரிமையாளரின் இசைவும்

மடல் 1: தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பெல்வியூ, வாஷிங்டன் மாநிலம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வார இறுதித் தமிழ்ப்பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்கள் இலையுதிர் காலத்தில் இசக்வா ஓடைக்குச் சென்று, கடலிலிருந்து திரும்பி வரும் சால்மன் மீன்களைப் பார்ப்பது வழக்கம். அப்பயணத்துக்கு முன் படிப்பதற்காக ஒரு பாடம் எழுதியுள்ளேன். அது வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மீனைப் பற்றிய பகுதி முடிந்துவிட்டது. கரையைப் பற்றிய பகுதிதான் சொல் கிடைக்காமல் நிற்கிறது.

பொருள் இதுதான். பியூஜெட் சவுண்ட் கடற்கழி வட்டாரத்தின் சினூக் சால்மன் 1999ஆம் ஆண்டு முதல் கூட்டரசின் அருகிவரும் உயிரினச் சட்டத்தின்கீழ் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. கோஹோ சால்மனின் குஞ்சுகள் கடலுக்குப் போகும்முன் ஓராண்டுக்கு மேல் ஓடைகளிலேயே வளர்கின்றன. கரையில் மரம் இல்லையென்றால் வெயில் நேராக நீரில் விழுந்து ஓடை சூடாகிறது. முதன்மையான கோடை வாழிடமாகக் குறிக்கப்பட்ட ஓடைகளில், அன்றாட உச்ச வெப்பத்தின் ஏழு நாள் சராசரி 16 பாகை செல்சியசைத் தாண்டக் கூடாது என்பது மாநில விதி. மரங்களின் நிழலைத் தவிர இவ்விதியைக் காப்பாற்ற எளிய வழி எதுவும் இல்லை. ஆனால் பள்ளத்தாக்குகளில் கரைவரை உள்ள நிலம் பெரும்பாலும் உழவர்களின் பட்டா நிலம். ஆகவே அரசும் வட்டார நிலவளப் பாதுகாப்பு அமைப்புகளும் உழவரோடு பேசி, 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்து, ஆண்டுதோறும் வாடகை கொடுத்து, மாடு இறங்காமல் வேலியிட்டு, செவ்வகில், வில்லோ, ஆல்டர் போன்ற மண்ணின் மரங்களை நடுகின்றன. நிலம் உழவருடையதாகவே இருக்கிறது.

இதை இங்கே ‘ரிபேரியன் ஹேபிடட் ரெஸ்டோரேஷன்’ (கரையோர வாழிடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல்) என்றும், உழவரோடு சேர்வதை ‘பார்ட்னர்ஷிப்’ என்றும் சொல்கிறார்கள். இணையச் சொற்பட்டியல்களைக் கொண்டு ‘ஆற்றங்கரை நில மீட்புப் பங்காளித் திட்டம்’ என்ற வடிவத்துக்கு வந்தேன். வரைவைப் படித்த மதுரைக்காரப் பெற்றோர் ஒருவர், “யாருடைய ஆக்கிரமிப்பை அகற்றுகிறார்கள்?” என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயம். தக்க சொல் தந்து உதவுமாறு வேண்டுகிறேன்.

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. சங்கப் பாடல்களில் ‘அடைகரை’ என்ற சொல் பலமுறை ஆளப்பட்டிருக்கிறது. நீரை அடைந்து கிடக்கும் கரை அடைகரை. முக்காலமும் குறிக்கும் வினைத்தொகையாகையால், நேற்று நீரை ஒட்டியிருந்த கரையையும் நாளை வெள்ளம் வந்து தொடப்போகும் கரையையும் இந்த ஒரே சொல் உள்ளடக்குகிறது. ஆறு இடம் மாறி ஓடும் சமவெளிகளுக்கு இதைவிடத் துல்லியமான பெயர் எந்த அறிவியலிலும் இருக்க முடியாது என்றே கருதுகிறேன்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ‘அடை’ என்பதற்குக் கோழி முட்டையைக் காத்திருத்தல் என்ற பொருளும் உண்டு. சால்மன் கரையை அடுத்த ஓடைப்படுகைக் கூழாங்கற்களின் நடுவே முட்டையிடுகிறது என்பதால், அடைகரை என்பது முட்டையை அடைகாக்கும் கரை என்றும் விரியும். ‘அடைக்கலம்’ என்பதிலும் இவ்வடியே இருக்கிறது. ஒரே அடிச்சொல்லில் ஒட்டுதல், காத்தல், புகல் தருதல் ஆகிய மூன்றும் வந்து பொருந்துவது தற்செயல் ஆகாது. ‘அடைகரை வாழிடம்’ என்று தயங்காமல் எழுதுங்கள்.

‘ஆற்றோரம்’ என்பதும் இலக்கணப்படி பிழையற்றதே. ஆயினும் அது வெறும் இடத்தைச் சுட்டுகிறதேயன்றி உறவைச் சுட்டவில்லை.

மடல் 3: மொழிபெயர்ப்பாளர், டொரொண்டோ

பேராசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

அடைகரை அழகான சொல் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளை அதைப் படித்தால் அடைக்கப்பட்ட கரை, அதாவது யாரும் போக முடியாதபடி மூடிய கரை என்றே எடுத்துக்கொள்வாள். வேலி போடுவதைப் பற்றிய பாடத்தில் இந்தத் தவறான பொருள் மிக எளிதாக ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் உரையாசிரியர் துணையோடு விளக்க வேண்டிய சொல் வகுப்பறைக்கு உதவாது.

‘பங்காளி’ என்பதைக் கட்டாயம் நீக்க வேண்டும். பங்காளி என்றால் தாயாதி. பாட்டன் சொத்தில் பங்கு கேட்டு வருபவர். உழவர் ஒருவரிடம் போய், உங்கள் நிலத்துக்கு அரசு பங்காளியாக வருகிறது என்று சொன்னால் அவர் வாசற்கதவைச் சாத்திவிடுவார். இலங்கைப் பாடநூல்களில் வணிகக் கூட்டுக்குப் ‘பங்குடைமை’ என்று எழுதுகிறோம். அதுவும் இங்கே பொருந்தாது, ஏனெனில் நிலத்தின் உடைமையில் யாருக்கும் புதிதாகப் பங்கு பிறக்கவில்லை. தமிழ்நாட்டில் வழங்கும் ‘கூட்டாண்மை’யிலும் ஆளுதல் ஒட்டியிருக்கிறது. எனக்கு ‘இசைவு’ என்ற சொல் போதும் என்று படுகிறது.

‘வாழிடம்’, ‘வாழ்விடம்’ இரண்டும் வழக்கில் உண்டு. முன்னது வினையோடும் பின்னது ‘வாழ்வு’ என்ற பெயரோடும் சேர்ந்தது. மீனுக்கு முன்னதே போதும்.

சால்மனைச் சால்மன் என்றே விட்டுவிடுங்கள். சந்தையில் இந்தியன் சால்மன் என்ற பெயரில் விற்கப்படும் காலா மீன் வேறு குடும்பம். அந்தப் பெயரை இங்கே கொண்டுவந்தால் பாடமே தடம் புரண்டுவிடும்.

மடல் 4: வேளாண் பொறியாளர், ஈரோடு

அனைவருக்கும் வணக்கம்.

நான் பொருளிலிருந்து சொல்லுக்கு வர விரும்புகிறேன். வயலுக்கும் ஓடைக்கும் நடுவே நிற்கும் மரவரிசை, வயலிலிருந்து வரும் மண்ணையும் உரத்தையும் மாட்டுச் சாணத்தையும் தாங்கிக்கொண்டு, தெளிந்த நீரை மட்டும் ஓடைக்கு விடுகிறது. இதை ஆங்கிலத்தில் ‘பஃபர்’ என்பார்கள்; அதே சொல்லைத்தான் வேதியியல் பாடநூலில் ‘தாங்கல் கரைசல்’ என்று படித்தோம். ஆகவே ‘கரைத்தாங்கல்’ என்பது என் முன்மொழிவு. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் ஆகிய ஊர்ப்பெயர்களில் வரும் தாங்கல் சிறிய ஏரியைக் குறிக்கும் என்று மறுப்பு வரும் என்பதை அறிவேன். அந்தத் தாங்கலும் நீரைத் தாங்குவதுதானே. பொருள் முரண் இல்லை.

உழவர் சேர்ந்து செய்வதற்கு நம்மிடம் ‘குடிமராமத்து’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. நீர்நிலையைப் பயன்படுத்தும் குடிகளே அதைப் பேணுவது என்ற கருத்தை நம் மக்கள் நன்கு அறிவார்கள். ‘மராமத்து’ அரபு மூலச் சொல் என்பதற்காகத் தள்ள வேண்டாம். கண்மாய்க் கரையில் நிற்கும் விவசாயிக்கு அது தமிழ்தான்.

ஆசிரியைக்கு ஒரு விளக்கம் மட்டும் தேவைப்படும். நம் ஊரில் ஆற்றை ஒட்டிய நிலம் பெரும்பாலும் புறம்போக்கு. அதில் பயிர் செய்பவர் ஆக்கிரமிப்பாளர் எனப்படுவார். அங்கே அது பட்டா நிலம் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் மதுரைக்காரரின் ஐயம் எழாது.

மடல் 5: ஓடைச் சீரமைப்புப் பணியாளர், எவரெட், வாஷிங்டன் மாநிலம்

வணக்கம். இந்தப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் அடைகரை. மணல் வந்து அடையும் கரை என்றும் அதற்குப் பொருள் கொள்வதுண்டு. சால்மனுக்கு அதுதான் கேடு. பெண்மீன் வாலால் கூழாங்கல்லைக் கிளறிக் குழி செய்து முட்டையிட்டு, மீண்டும் கல்லால் மூடி, சாகும்வரை சில நாள் அந்த இடத்தைக் காத்து நிற்கும். பிறகு கற்களின் இடுக்கு வழியே ஓடும் நீர்தான் முட்டைக்கு உயிர்வளி தருகிறது. நுண்மணல் வந்து அடைந்தால் முட்டை மூச்சுத் திணறிச் சாகும். கரை அடைகாக்கிறது என்ற விளக்கம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும், நடப்பதற்கு நேர்மாறானதைச் சொல்லில் ஏற்ற வேண்டாம் ஐயா.

தாங்கலில் எனக்குள்ள குறை வேறு. வடிகட்டுவது அந்த மரங்களின் ஒரு பணி மட்டுமே. நிழல் தருவது, இலையும் பூச்சியும் நீரில் விழுந்து உணவாவது, முதிர்ந்த மரம் ஓடைக்குள் சாய்ந்து மடுவை உண்டாக்குவது ஆகியவை தாங்கலில் அடங்கா. விழுந்த மரம் மீனுக்குத் தடை என்று எண்ணி, 1950களிலிருந்து சில பத்தாண்டுகள் அதிகாரிகளே ஓடைகளிலிருந்து மரங்களை இழுத்து வெளியே போட்டார்கள். இன்று அதே ஓடைகளில் பணம் செலவழித்து மரத்தைக் கொண்டுபோய்க் கிடத்துகிறோம். வேண்டாததைத் தடுக்கும் சுவர் என்று மட்டும் கரையைப் பார்க்கும் சொல், அந்தப் பழைய பார்வையையே பிள்ளைகளிடம் கொண்டு சேர்க்கும்.

குடிமராமத்தை நான் வன்மையாக மறுக்கிறேன். 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அந்த வழக்கத்தைத் தண்டனைக்குரிய கடமையாக்கியது. இங்கே நடப்பதோ விருப்பத்தின் பேரில், கூலியும் வாடகையும் பெற்றுச் செய்வது. அந்த விருப்பம் என்பதே இங்கு பெரிய சர்ச்சையாகவும் இருக்கிறது. 1855ஆம் ஆண்டில் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட பாயின்ட் எலியட் உடன்படிக்கையில் பழங்குடி நாடுகள் நிலத்தை விட்டுக்கொடுத்து, மீன்பிடி உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டன. பிடிக்கத்தக்க மீனில் பாதிவரை அவர்களுக்கு உரியது என்று 1974இல் நீதிபதி போல்ட் தீர்ப்பளித்தார். மீனே இல்லாதபோது பாதி எதற்கு என்பது அவர்களின் கேள்வி. கரையோர மரவரிசையைக் கட்டாயமாக்கும் சட்டவரைவு, சுவினோமிஷ் பழங்குடி மக்களின் மீன்வளத் தலைவராக இருந்து மறைந்த லொரெய்ன் லூமிஸ் அம்மையாரின் பெயரில் 2022இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு வந்து, உழவர் எதிர்ப்பினால் நிறைவேறாமல் போனது. மரவரிசையின் அகலம், அந்த மண்ணில் 200 ஆண்டில் ஒரு மரம் வளரக்கூடிய உயரத்துக்கு ஒப்பாக இருக்க வேண்டும் என்ற அறிவியல் அளவுகோலை அவ்வரைவு எடுத்துக்கொண்டது. மாடு மேய்க்கும் ஒருவருக்கு அந்த அகலம் எவ்வளவு பெரிய இழப்பு என்பதையும் நான் அவர்கள் வயலில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ‘உடன்படிக்கை’ என்ற சொல்லை 1855க்கே ஒதுக்கி வையுங்கள். உழவரோடு செய்துகொள்வது ஒப்பந்தம். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், யார் யாருக்கு எதைக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதே பாடத்தில் மறைந்துபோகும்.

மடல் 6: பேராசிரியர், தஞ்சாவூர்

மணல் அடைதல் பற்றிய மறுப்பு வலிமையானது. ஆயினும் ‘அடை’யின் முதற்பொருள் நெருங்குதலே என்ற என் கருத்தில் மாற்றமில்லை. பாடத்தின் தேவை கருதி அதை இப்போது வற்புறுத்தவில்லை.

‘மீட்பு’ என்பதன் சிக்கலுக்கு இலக்கணமே வழி காட்டுகிறது. மீள்தல் தன்வினை, மீட்டல் பிறவினை. மீட்டலின் தொழிற்பெயராகிய மீட்பில், ஒருவரிடமிருந்து ஒன்றைப் பெறுதல் என்பது உள்ளுறைந்திருக்கிறது; ஆகவேதான் ஆக்கிரமிப்பு நினைவுக்கு வந்தது. மீள்தலின் தொழிற்பெயர் ‘மீட்சி’. அதில் எவரிடமிருந்தும் எதுவும் பறிக்கப்படுவதில்லை. நலிந்தது தன் நிலைக்குத் திரும்புகிறது. ‘ஓடைக்கரை மீட்சி’ என்பது என் முன்மொழிவு. மரங்கள் அடர்ந்த கரைக்குத் தனிப்பெயர் வேண்டுமென்றால் ‘கரைச்சோலை’ எனலாம். நீலகிரியின் சோலைக்காடுகளும் நீரோடை பிறக்கும் மலைமடிப்புகளில் நிற்பவையே.

மடல் 7: மொழிபெயர்ப்பாளர், டொரொண்டோ

மீட்சிக்கு என் முழு ஆதரவு. கரைச்சோலையும் நன்று; சோலை என்றால் நிழல் என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

மடல் 8: வேளாண் பொறியாளர், ஈரோடு

குடிமராமத்தைத் திரும்பப் பெறுகிறேன். சட்ட வரலாறு கனமானது. கரைத்தாங்கலைத் திரும்பப் பெறவில்லை. சோலை என்ற சொல்லைக் கேட்டால் பொழுதுபோக்கப் போகும் இடம் நினைவுக்கு வருகிறது. அந்த மரங்கள் வேலை செய்கின்றன. அந்த வேலை பெயரில் தெரிய வேண்டும் என்பதே என் வாதம்.

மடல் 9: ஆசிரியை, பெல்வியூ

அனைவருக்கும் நன்றி. நாளை அச்சுக்குப் போகிறது. தலைப்பு ‘உழவர் இசைவோடு ஓடைக்கரை மீட்சி’ என்று அமைகிறது. மரவரிசைக்குக் கரைச்சோலை, 1855க்கு உடன்படிக்கை, உழவரோடு ஒப்பந்தம். நிலம் உழவரின் பட்டா நிலம் என்பது முதல் வரியில் வந்துவிட்டது. 2022இன் சட்டவரைவு தனிப் பத்தியாகச் சேர்ந்திருக்கிறது. கரைத்தாங்கலை அருஞ்சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாகக் கொடுத்திருக்கிறேன்.

மடல் 10: ஓடைச் சீரமைப்புப் பணியாளர், எவரெட்

தலைப்பை இனி மாற்ற நேரமில்லை என்பதை அறிவேன். ஆயினும் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். மீட்சி தன்வினை என்பதாலேயே அது எனக்கு இடறுகிறது. நட்டுவிட்டுத் திரும்பினால் கரை தானாக மீள்வதில்லை. இமயமலை முட்பழப் புதரும் நாணல்போல் உயர்ந்து மண்டும் கனரிப்புல்லும் கன்றுகளை மூடிவிடும். நட்ட பின்னும் ஆண்டுக்கணக்கில் களை வெட்ட வேண்டும், எலி கடிக்காமல் தண்டுக்கு உறை போட வேண்டும். அதைச் செய்பவர் ஓர் உழவராகவோ, பழங்குடியினரின் நடவுக் குழுவில் இருக்கும் இளைஞராகவோ இருப்பார். தன்வினையில் அவர்கள் யாரும் தெரியமாட்டார்கள்.

தலைப்பு அப்படியே இருக்கட்டும். பாடத்தின் உள்ளே ‘கரை மீள்கிறது’ என்று வரும் வாக்கியங்களில் மட்டும், முடிந்தவரை, நடுபவரையும் வெட்டுபவரையும் எழுவாயாக வைத்து எழுதித் தாருங்கள். அச்சகத்தார் இன்று மாலைவரை பொறுப்பார்கள் என்றால், திருத்த வேண்டிய வாக்கியங்களை நானே குறித்து அனுப்புகிறேன்.