ஸ்க்ரல் மாடு மூணா, நாலா?

சாணித்தாள்: நேத்து பைர்ன்தாசன் இங்க, "மார்வெல் காமிக்ஸ்ல அப்பப்ப தலைகாட்டுற ஸ்க்ரல் மாடுகள் (ஸ்க்ரல்னா நெனச்ச உருவத்துக்கு மாறுற வேற்றுக்கிரகவாசி) 1983-ல காமிக்ஸ் படைப்பாளி ஜான் பைர்ன் கண்டுபிடிச்சது"ன்னு எழுதிட்டுப் போயிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. 1962 ஜனவரி தேதியிட்ட ஃபென்டாஸ்டிக் ஃபோர் 2-ம் இதழைத் தொட்டாவது பாத்திருக்கீங்களாய்யா? ஸ்டான் லீ கதை, ஜாக் கிர்பி படம். ஃபென்டாஸ்டிக் ஃபோர்ங்கற நாலு ஹீரோக்கள் வேஷத்துல ஊரைக் கெடுத்த ஸ்க்ரல்கள் பிடிபடுது. ஹீரோக்களோட தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸ் அதுங்களை மாடா மாறச் சொல்லி, வசியம் பண்ணி, பழசை மறக்கடிச்சு மேய விட்டுடுறார். கடைசியில புல்வெளியில மூணு மாடு.

பைர்ன்தாசன்: சும்மா புல்லு மேஞ்சா பாத்திரமா? பைர்னோட 1983 ஆண்டு மலர்ல, அந்த மாட்டுப் பாலைக் குடிச்ச கிங்ஸ் க்ராசிங் ஊர்க்காரங்களுக்கே உருவம் மாற ஆரம்பிக்குதே, அதுதான் சார் கதை. அப்புறம், நாலு மாடு.

சாணித்தாள்: மூணு.

பைர்ன்தாசன்: வேஷம் போட்டது நாலு பேர். ரீட், சூ, ஜானி, பென். விரல் விட்டு எண்ணுங்க.

சாணித்தாள்: வேஷம் நாலு, மாடு மூணு. படத்துல இருக்கறதைச் சொல்றேன், உங்க கணக்கு வாத்தியாரைக் கேக்கல.

குட்டிக்கரணம்: அப்ப நாலாவது ஸ்க்ரல் எங்க போச்சு?

சாணித்தாள்: அதைக் கிர்பிகிட்ட கேளுங்க. மாடு மூணு. 1971-ல க்ரீங்கற இன்னொரு வேற்றுக்கிரக இனத்தோட ஸ்க்ரல்கள் மோதுற போர்க் கதையில திரும்பி வந்ததும் மூணுதான்.

குட்டிக்கரணம்: 71-லயே திரும்பிடுச்சுன்னா, 1995-ல ஸ்க்ரல் கில் க்ரூ கதையில அந்த மாட்டுக் கறி பர்கர் தின்னு நோய் வந்துச்சே, அது எந்த மாடு?

பைர்ன்தாசன்: நாலாவது மாடு 😂

சாணித்தாள்: சிரிங்க. பர்கர் கதை க்ராண்ட் மாரிசனும் மார்க் மில்லரும் எழுதினது. அதை வெச்சு 62-ஐத் திருத்த முடியாது. மூணு.

கோழிக்கிறுக்கல்: அண்ணே, அது பசுவா மாடா? பால் கறந்திருக்காங்கன்னா பசுன்னுதானே எழுதணும்?

பைர்ன்தாசன்: இவரு தமிழ் வாத்தியார் வேற வந்துட்டாரு. சாணித்தாள் சார், போன வருஷம் என்கிட்ட வாங்கின தொகுப்பை அட்டையில டீக் கறையோட திருப்பிக் குடுத்தீங்களே, அதையும் கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்க, எத்தனை கறைன்னு.

சாணித்தாள்: அது வாங்கும்போதே இருந்த கறை. பேச்சை மாத்தாதீங்க.

பைர்ன்தாசன்: வாங்கும்போது இல்ல. போட்டோ இருக்கு.

சாணித்தாள்: போடுங்களேன் பாப்போம். என்கிட்டயும் அந்தக் கடைசிப் பக்கம் இருக்கு, ராத்திரி ஸ்கேன் பண்ணிப் போடறேன். மூணு மாடு, பன்னெண்டு கால்.

குட்டிக்கரணம்: ஒண்ணு பின்னாடி மறைஞ்சு நின்னா?

சாணித்தாள்: மறையல.

பைர்ன்தாசன்: நாலு.