ஸ்டுடியோ ஆல்பம்: தொகுப்பா, கோவையா?

அன்புடையீர், வணக்கம்.

ஸ்பெயினின் சரகோசா நகரத்து ராக் இசைக்குழு எரோயெஸ் டெல் சிலென்சியோ பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரியிலேயே வண்டி நின்றுவிட்டது. "செண்டெரோஸ் டெ ட்ரைசியோன், 1990இல் வெளிவந்த இரண்டாவது..." அடுத்து என்ன போடுவது? கச்சேரியில் அல்லாமல் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்து வெளியிடும் ஸ்டுடியோ ஆல்பத்துக்குத் தமிழில் சொல் தேடுகிறேன். ஸ்பானிய மொழியில் 'ஆல்பும் டெ எஸ்டுடியோ' என்பார்கள். எஸ்டுடியோ என்ற சொல்லுக்குப் படிப்பு என்றும் பொருள் உண்டு. அவசரத்தில் அகராதியைப் புரட்டி 'ஆய்வுத் தொகுப்பு' என்று எழுதிவிட்டேன். மறுநாள் படித்தால், நான்கு பேர் கித்தார் வாசித்து முனைவர் பட்டம் வாங்கியதைப் போல இருந்தது.

இங்கே முன்பு ஒருவர் 'கலையகத் தொகுப்பு' என்று தந்திருந்தார். கலையகம் என்றதும் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அறிவிப்பாளர் அமரும் அறைதான் நினைவுக்கு வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தொகுப்புதான் இடிக்கிறது. பலர் பல காலத்தில் பாடியதைப் பின்னால் ஒருவர் தேர்ந்து சேர்த்தால் அது தொகை. எட்டுத்தொகை அப்படித்தான் வந்தது. இந்தக் குழு 1996இல் பிரிந்தபின், பழைய பாடல்களைப் பொறுக்கிச் சேர்த்து 2000இல் வந்ததே, 'கன்சியோனெஸ்', அதைத் தொகுப்பு என்றால் பொருந்தும். 1990இல் வந்ததன் கதை வேறு. பன்னிரண்டு பாடல்கள், ஒரே தயாரிப்பாளர், ராக்சி மியூசிக் குழுவின் கித்தார் கலைஞர் பில் மான்சனேரா. 'என்ட்ரே டோஸ் டியெராஸ்' முதலில், 'மல்டீடோ டுயெண்டே' அடுத்து என்று வரிசை மாறாமல் கோத்த சரடு அது.

கோத்தது என்று எழுதியவுடன் சொல்லும் கிடைத்துவிட்டது: கோவை. திருக்கோவையாரின் 400 பாடல்களும் மாணிக்கவாசகர் ஒருவரே பாடியவை, காதல் கதையின் ஒரு துறையிலிருந்து, அதாவது ஒரு நிகழ்ச்சியிலிருந்து, அடுத்த துறைக்கு நகர்பவை. எனவே ஆல்பத்துக்குப் 'பாடற்கோவை', ஸ்டுடியோ ஆல்பத்துக்குப் 'பதிவகக் கோவை', கச்சேரியில் பதிந்ததற்கு 'மேடைக் கோவை'. 'லைவ்' என்பதற்கு 'நேரலை' வேண்டவே வேண்டாம். இந்தக் குழுவின் கச்சேரிப் பதிவான 'செண்டா 91'ஐ முப்பது ஆண்டு கழித்துக் கேட்கிறவருக்கு அதில் எது நேரலை?

* * *

> பதிவகக் கோவை, மேடைக் கோவை

ஐயா, தொகுப்பு பற்றிச் சொன்னது சரி. ஆனால் 'மேடைக் கோவை' என்றால் கோயம்புத்தூரில் கச்சேரி என்றல்லவா நினைப்பார்கள்? 'பதிவகம்' இன்னும் மோசம். உள்ளே போனால் வில்லங்கச் சான்று கேட்கலாம் போலிருக்கிறது. 'ஒலிப்பதிவுக் கூடம்' என்பது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். அதை விட்டுவிட்டு ஏன் புதிதாக ஒரு அகம்? பேசாமல் 'ஸ்டுடியோ ஆல்பம்' என்றே எழுதிவிடலாம் என்பது என் கட்சி. படிக்கிறவருக்கு உடனே புரியும்.

* * *

வில்லங்கத்தை ஒப்புக்கொள்கிறேன், பதிவகத்தைக் கைவிட்டேன். 'கூடக் கோவை' என்று சுருக்கலாமா என்று பார்த்தேன். 'கூட' என்பதை 'உடன்' என்று படித்துவிடுவார்கள். 'ஒலிக்கூடக் கோவை' என்றால் அந்த இடறல் இல்லை. மேடைக்குக் கோவையே வேண்டாம், 'மேடைப்பதிவு' போதும். ஊர்க் குழப்பமும் தீரும்.

பேச்சில் ஆல்பம் இருக்கட்டும், நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் கட்டுரையில் இவை பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. ஸ்டுடியோ ஆல்பம், லைவ் ஆல்பம், கம்பைலேஷன் ஆல்பம் என்று அடுக்கினால் தமிழுக்கு அங்கே 'மற்றும்' போடும் வேலைதான் மிஞ்சும்.

இப்போது என் பட்டியல் இப்படி நிற்கிறது. 'எல் மார் நோ செசா' (1988), 'செண்டெரோஸ்', 'எல் எஸ்பிரிட்டு டெல் வினோ' (1993), 'அவலான்ச்சா' (1995) ஆகிய நான்கும் ஒலிக்கூடக் கோவைகள். 'செண்டா 91', 'பாராசியெம்ப்ரே' (1996) இரண்டும் மேடைப்பதிவுகள். 'கன்சியோனெஸ்' தொகுப்பு. 1998இல் வந்த 'ராரேசாஸ்'தான் பாக்கி. பெயரே 'அரியவை' என்கிறது. எனவே அதையும் தொகுப்பில் சேர்த்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்று மாலை கட்டுரையை ஏற்றிவிடுவேன்.