மறு: உயர்திறன் மோட்டாரா, குறைசேதார மோட்டாரா?

வணக்கம். குறைந்த மின்சாரத்தில் அதே வேலையைச் செய்யும் "எனர்ஜி எஃபிஷியன்ட்" மோட்டாருக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இழைக்கு என் பதில்.

> நாளிதழ்களில் வருகிற "உயர்திறன் மோட்டார்" போதாதா?

அதை நம்பித்தான் மாட்டிக்கொண்டேன் ஐயா. போன வாரம் தர்மபுரியில் காயில் கட்டும் கடையில் "10 ஹெச்பி உயர்திறன் மோட்டார்" என்று எழுதிய சீட்டை நீட்டினேன். கடைக்காரர் படித்துவிட்டு, "பத்து பத்தாதா சார், அப்ப பன்னிரண்டரை போட்டுடலாமா?" என்றார். அவர்மேல் தப்பே இல்லை. நம் இயற்பியல் பாடநூலில் திறன் என்றால் பவர், வாட்டில் அளப்பது. உயர்திறன் என்றால் பெரிய மோட்டார் என்றுதானே அர்த்தமாகும்! பயனுறுதிறன் (இழுக்கும் மின்சாரத்தில் எத்தனை பங்கு வேலையாகிறது என்பது) என்று முழுசாக எழுதினால் சரிதான், ஆனால் கடையில் யார் வாயில் நுழையும்?

"சிக்கன மோட்டார்" என்று ஒருவர் சொல்லியிருந்தார். சிக்கனம் என்றதும் விலை மலிவு என்று நினைப்பார்கள், இதுவோ விலை கூடுதல்.

என் யோசனை, மிச்சமாவதை விட்டுவிட்டு வீணாவதை வைத்துப் பெயரிடலாம் என்பது. 7.5 கிலோவாட், 4 துருவ மோட்டாரை எடுத்துக்கொள்வோம். மோட்டார்களைப் பயனுறுதிறன்படி ஐஈ1, ஐஈ2, ஐஈ3 என்று ஏறுவரிசையில் வகுப்புப் பிரித்திருக்கிறார்கள். முழுச் சுமையில் ஐஈ1 வகுப்புக்குப் பயனுறுதிறன் 86 சதவீதம், ஐஈ3க்கு 90.4. ஷாஃப்ட்டில் கிடைப்பது இரண்டிலும் அதே 7.5தான், லைனில் இருந்து இழுப்பது 8.72, 8.30. நாலரைப் புள்ளிகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் சூடாகவும் உராய்வாகவும் போவதைப் பாருங்கள், 1.22 கிலோவாட் 0.80 ஆகிறது, மூன்றில் ஒரு பங்கு குறைவு. மோட்டாருக்குள் செய்த வேலை எல்லாம் அதற்காகத்தான்: காடிகளில் கூடுதல் செம்பு, மெல்லிய நல்ல சிலிக்கான் எஃகுத் தகடுகள், சூடு குறைந்ததால் சின்ன விசிறி.

ஆகவே "குறைசேதார மோட்டார்".

> சேதாரமா? நகைக்கடை வாசனை அடிக்கிறதே!

அடிக்கட்டுமே! (நகைக்கடைக்காரர் போடும் சேதாரம் உண்மையான சேதாரமா என்பது தனிச் சண்டை.) "இழப்பு" என்றால் பணம் போனதா ஆள் போனதா என்று கேட்பார்கள், சேதாரம் என்றால் வேலை நடக்கும்போதே கழிவது என்று எல்லோருக்கும் புரியும். செம்புச் சேதாரம் (காயில் கம்பியில் சூடாகப் போவது), இரும்புச் சேதாரம் (எஃகுத் தகடுகளில் சூடாகப் போவது) என்று பிரித்தும் சொல்லலாம். எரிந்த காயிலை எடுக்கக் கடையில் ஸ்டேட்டரை (மோட்டாரின் சுழலாத பகுதியை) பர்னரில் கண்டபடி சுடுகிறார்களே, அதில் தகடுகளுக்கு இடையிலுள்ள பூச்சு கருகி இரும்புச் சேதாரம் ஏறிவிடும் என்று அந்தக் கடைக்காரரிடம் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டார்.

"ஆற்றல் சேமிப்பு மோட்டார்" வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. சேமிப்புக்கு மோட்டார் மட்டும் பொறுப்பில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலையில் சீசனுக்கு 1,200 மணி நேரம் ஓடினால் மிச்சம் 500 யூனிட் சொச்சம், கிரானைட் பட்டறையில் வருடம் 4,000 மணி நேரம் ஓடினால் 1,700. இன்னொன்று, இந்த மோட்டார்கள் பொதுவாகக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். 1440 சுற்று இருந்த இடத்தில் 1465 ஆனால், காற்று விசிறி கேட்கும் பவர் வேகத்தின் மும்மடியில் ஏறி 5 சதவீதம் கூடிவிடும். புல்லியை மாற்றாமல் விட்டால் மிச்சம் மொத்தமும் அதிலேயே போச்சு. சேதாரம் என்னவோ குறைந்துதான் இருக்கும், பில் குறையாது.

வேகம் என்றதும் இன்னொரு சொல்: மோட்டாருக்குள் காந்தப்புலம் சுற்றும் வேகத்துக்கும் ஷாஃப்ட் சுற்றும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு, அதாவது ஸ்லிப்புக்கு, "நழுவல்" சரியா "சறுக்கல்" சரியா? எனக்கு நழுவல். மாற்றுக் கருத்து இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.